கொண்டல் ஏறும் நேரம்

விற்கப்போகிற வீட்டைத் துடைப்பது போல வேறு எந்த வீட்டையும் யாரும் துடைப்பதில்லை. காலையிலிருந்து ரேகா பால்கனிக் கைப்பிடியை மூன்று முறை துடைத்துவிட்டாள். மூன்று முறையும் துணி கறுத்தது. நான்காவது முறைக்குத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது கணவன் திலீப் வந்து வாளியைப் பிடுங்கினான்.

"போதும் வுடு ரேகா. அவங்க வூடு வாங்க வர்றாங்க. வெரல் வச்சி தேச்சிப் பாக்கவா வர்றாங்க?"

"தேச்சிப் பாத்துட்டா?"

"பாக்க மாட்டாங்க" என்றான் அவன். ஆனாலும் வாளியைக் கீழே வைக்குமுன் சன்னல் விளிம்பைத் தானும் ஒரு தரம் துடைத்தான்.

போன வாரம் டாக்டர் அறையிலிருந்து ரேகா சிரித்துக்கொண்டே வெளியே வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவள் மகன், ஆறு வயது வெற்றிக்கு இரண்டு மாதமாக மூச்சிழுப்பு வரவில்லை. மூன்று வருடம் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த டாக்டர் கடைசியில், "மருந்த நான் மாத்தலாம். எடத்த நீங்கதாம்மா மாத்தணும்" என்று சொன்னார். அதன் பிறகுதான் மாதவரத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். போன முதல் வாரமே பையன் ராத்திரி முழுக்கத் தூங்கினான். ரேகாதான் தூங்காமல் அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எண்ணூரில், ஆற்றங்கரையை ஒட்டி நிற்கிற அலைமுகம் டவர்ஸின் பதினான்காவது மாடியில் இருக்கிற சொந்த வீடு இப்போது பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. இங்கே கடன், அங்கே வாடகை. இரண்டையும் சேர்த்துச் சுமக்க திலீப்பின் கன்டெய்னர் கம்பெனிச் சம்பளத்துக்கு முதுகு போதாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இதை விற்காவிட்டால், வெற்றியை மறுபடியும் இந்த வீட்டுக்கே அழைத்து வரவேண்டும். வேறு வழி இல்லை. இன்றைக்கும் அவனை மாதவரத்தில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அதற்காகத்தான் திலீப் வீட்டையே புதுசாக்கினான். கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் மறைந்து எரியும் விளக்குகள், வெள்ளை வெளேரென்று ஒரு சமையலறை, பால்கனிக்கு முழு உயரக் கண்ணாடிக் கதவு. விளம்பரத்தில், 'புதுப்பிக்கப்பட்ட மூன்று படுக்கையறை வீடு, ஆற்றைப் பார்த்த பால்கனி' என்று போட்டான். அடுக்குமாடி வீடு விற்கிற எவனும் 'வியூ' என்று ஆரம்பித்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனால் இந்த விளம்பரத்தில் பொய் இல்லை. பால்கனியில் நின்றால் கொசஸ்தலை ஆறு அகலமாக விரிந்து கடலில் சேர்கிற இடம் வரைக்கும் தெரியும். முகத்துவாரக்குப்பத்துப் படகுகளை எண்ணலாம். ரேகா பிறந்த தெருவே தெரியும்.

நாலு குடும்பம் வந்து பார்த்தது. நாலும் காலையில் வந்தன. நாலும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயின.

ஐந்தாவது குடும்பத்துக்கு வழி கண்டுபிடித்தவள் ரேகா. திலீப்புக்கு இது தோன்றியிருக்காது. அவன் தண்டையார்ப்பேட்டையில் வளர்ந்தவன். காற்று என்றால் அவனுக்கு மின்விசிறி.

மேற்கே வரிசையாக நிற்கிற புகைபோக்கிகளில் எது யாருடையது என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. காற்று எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். ராத்திரி முழுக்கவும் காலையிலும் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது கச்சான். அது சாம்பலையும் நெடியையும் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கொண்டல் ஏறிவிட்டால் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அந்த நாலு மணி நேரம் இந்த வீட்டை விட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

கொண்டல் எப்போது ஏறும் என்று நாற்பது வருடம் கடலுக்குப் போன எத்திராஜிடம் கேட்டால் தெரியும். எத்திராஜ், ரேகாவின் அப்பா.

"வெசாயக்கெயம ஒண்ணரைக்கு ஏறிக்கும்" என்று மூன்று நாளுக்கு முன்பே சொல்லியிருந்தார். "அஞ்சி, அஞ்சரை வரிக்கும் நின்னு அடிக்கும். இன்னாத்துக்கு கேக்கற?"

"வூடு பாக்க வர்றாங்க நைனா. நல்ல காத்துல காட்டுனா நல்லாருக்கும்ல."

எத்திராஜ் சிரித்தார். "மீன் கூடையில நல்ல மீன மேல வெக்கிற மாரி. உங்கம்மா பொண்ணுதான் நீ."

அவருக்கு அது வியாபாரம். ரேகாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். காலையில்தான் வருவோம் என்றவர்களை, "மத்தியானமா வாங்க, சாப்ட்டு பொறுமையா பாக்கலாம்" என்று மாற்றியதும் அவள்தான்.

வியாழக்கிழமை, மணி பன்னிரண்டு ஐம்பது. வாட்ச்மேன் கீழேயிருந்து போன் செய்தான். வீடு பார்க்க வந்துவிட்டார்கள்.

"ரெண்டு மணிக்குத்தானே சொன்னோம்!" என்று திலீப் பதறினான்.

பால்கனிக் கண்ணாடிக்குப் பின்னால் கைகட்டி நின்றிருந்த எத்திராஜ் திரும்பவேயில்லை. "இன்னும் கச்சான்தான் கீது. பொகைய பாரு, நம்ம பக்கமே சாஞ்சினு வர்து."

"எவ்ளோ நேரம் மாமா ஆகும்?"

"அதுக்கு இன்னா, பஸ்ஸா? வந்தா வந்துச்சி."

திலீப் லிஃப்டுக்கு ஓடினான். அடுத்த நாற்பது நிமிடம் அவன் அந்தக் குடும்பத்துக்குக் காட்டாத இடம் இல்லை. கார் நிறுத்துகிற இடம், ஜெனரேட்டர், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகள் பூங்கா, குப்பை பிரிக்கிற அறை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்துகூடக் காட்டினான். வீடு வாங்க வந்தவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்து, "நல்லா ஆழமா இருக்கு" என்று மரியாதைக்குச் சொன்னார்களாம்.

மேலே ரேகா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுதா நைனா?"

"இரு."

"நைனா..."

"தோ பாரு. முகத்துவாரத்துல கட்டிவுட்டுக்கீற படகுங்கோ மூஞ்சத் திருப்புது." எத்திராஜ் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். ஈரமும் உப்புமாகக் காற்று கூடத்துக்குள் வந்து புதுத் திரைச்சீலையைத் தூக்கியது. "ஏறிச்சி. வரச் சொல்லு."

ரேகா போன் செய்தாள். "வாங்க" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

வந்தவன் பிராங்கிளின். ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கூடவே அவன் மனைவி சாரா. இருவருக்கும் நடுவில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் குழந்தை.

"சாரி பிரதர், ஷிஃப்டு மாத்திக் குடுத்துட்டாங்க, அதான் சீக்கிரமே வந்துட்டோம்" என்றான் பிராங்கிளின். கூடத்துக்குள் இரண்டடி வைத்தவன் அப்படியே நின்றான். எதிரே ஆறு.

"ஏசப்பா" என்றாள் சாரா மெதுவாக.

அவ்வளவுதான். வீடு விற்றுவிட்டது என்று திலீப்புக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. ரேகாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், வெற்றியின் ஸ்கூல் பையை மாதவரம் வீட்டு ஆணியில் நிரந்தரமாக மாட்டிவிட்டது போல ஒரு நிம்மதி.

அது குழந்தை செருப்பைக் கழற்றக் குனிகிற வரைக்கும்.

நிமிர்ந்தபோது குழந்தையின் தோள்கள் இரண்டும் மேலே ஏறின. ஒரு மூச்சுக்கு ஒரு தரம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறின. சாரா கைப்பையைத் திறந்து, பார்க்காமலேயே கையை விட்டு, மருந்து உறிஞ்சுகிற நீல நிறக் குழல் ஒன்றை எடுத்தாள். பார்க்காமல் எடுக்கிற அந்தப் பழக்கம் ரேகாவுக்கும் உண்டு.

"கீழ ரொம்ப நடந்துட்டா, அதான்" என்றாள் சாரா. "பெனிட்டா, வாயத் தொற. ஒண்ணு... ரெண்டு... புடிச்சி வை."

மனசுக்குள் ரேகாவும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வரைக்கும் பிடித்து வைக்கவேண்டும். வெற்றி எப்போதும் ஏழிலேயே விட்டுவிடுவான்.

எத்திராஜ் குழந்தையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ரேகா குனிந்து, கலையாத சோபா உறையைச் சரி செய்தாள்.

"ராயபுரத்துல எங்க வூடு கீற ரோட்ல நாள் பூரா லாரிதான்கா" என்றாள் சாரா, சமையலறையைத் தடவித் தடவிப் பார்த்தபடி. "தூசி, பொக. ரெண்டு வயசுலேர்ந்து இவளுக்கு இதான். நல்ல காத்து வர்ற எடமா, ஒசரமா பாருங்கன்னு டாக்டரு சொன்னாரு. நாலு வருசமா சிறுகச் சிறுக சேத்து வச்சோம். ஆத்துக் காத்து, கடல் காத்து ரெண்டும் ஒரே வூட்ல கெடைக்கும்னு நாங்க நெனைக்கவே இல்ல."

"ம்" என்றாள் ரேகா.

"நீங்க ஏன்கா விக்கிறீங்க? இப்பிடி ஒரு வூட்ட வுட்டுட்டு போவ எப்பிடி மனசு வர்து?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ரேகா வாயைத் திறந்தாள். அதற்குள் திலீப் கதவருகே வந்துவிட்டான்.

"பையனுக்கு மாதவரம் பக்கம் ஸ்கூல்ல எடம் கெடச்சிடுச்சி. தெனமும் அலைய முடியல, அதான்" என்றான்.

சாரா ரேகாவைப் பார்த்தாள், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் ஊர்ஜிதம் செய்துகொள்கிற மாதிரி.

"ஆமா" என்றாள் ரேகா. "ஸ்கூல்தான்."

இரண்டே வார்த்தைதான். அதைச் சொல்ல மூச்சு பிடிக்கவேண்டியிருந்தது.

கூடத்து மூலையில் மாதா சொரூபத்தை எங்கே வைக்கலாம் என்று பிராங்கிளினும் சாராவும் கை நீட்டி அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெனிட்டா பால்கனிக்கு ஓடினாள். விழுந்துவிடுவாளோ என்று ரேகாவும் ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான சின்னக் கை. கொண்டல் பின்னல் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் பறக்கவிட்டது.

குழந்தை கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். விட்டாள். இன்னொரு தரம் இழுத்தாள்.

"ஆன்ட்டி, இங்க ஈஸியா வர்து" என்றாள்.

"என்னடா?"

"மூச்சு."

ரேகா அந்தக் கையை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளைப் போன வாரம் திட்டாத வாசகிகள் இந்த வாரம் தாராளமாகத் திட்டலாம். நானே இரண்டு திட்டுத் திட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றரை மணிக்கெல்லாம் பேச்சு முடிந்துவிட்டது. விலையில் பிராங்கிளின் பெரிதாக இழுக்கவில்லை. திருவொற்றியூரில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், இன்றைக்கே அக்ரிமென்ட் எழுதி முன்பணம் தந்துவிடுகிறேன் என்றான். சாராவையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவனும் திலீப்பும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். போகும்போது சாரா ரேகாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். "பக்கத்துல எந்த பால் நல்லாருக்கும், யாரு வூட்டு வேலைக்கு வருவாங்க, எல்லாம் உங்களத்தான்கா கேப்பேன்" என்றாள்.

வீட்டில் ரேகாவும் எத்திராஜும் மட்டும் இருந்தார்கள்.

"சோறு போடட்டா நைனா? நண்டு வச்சிருக்கேன்."

"வோணாம்."

"காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கதவு வரைக்கும் போய் நின்றார்.

"கொயந்த கீது, அதுக்கும் இவன் மாரியேன்னு உனக்கு முன்னியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது நைனா. வந்தப்பறம்தான் பாத்தேன்."

"பாத்தப்பறம்?"

ரேகா சோபா உறையை மறுபடி சரி செய்தாள்.

"வெற்றிக்காகத்தான் நைனா" என்றாள் கடைசியில். "இத விக்கலன்னா அவன இங்கதான் இட்டாரணும். நான் இன்னா பண்ணுவேன்?"

"தெரியும்மா. எனக்கு மட்டும் பேரன் இல்லியா?" எத்திராஜின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரேகா தாங்கியிருப்பாள். "நான் உன்ன ஒண்ணும் சொல்லல. நானும் கூட்டுதான். கதவத் தொறந்தவனே நான்தானே. நாப்பது வருசம் காத்து பாத்தேன், உசுரோட கர திரும்பணும்னு. இன்னிக்கி எதுக்கு பாத்துக் குடுத்தேன்னு எனக்கே அசிங்கமா கீது."

"நைனா..."

"ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன் வூடு, உன் புள்ள. ஆனா இனிமே என்னாண்ட காத்து கேக்காத."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பதினான்கு மாடியும் படியிலேயே இறங்கிப் போனார். முழங்கால் வலிக்காரர். ஒவ்வொரு படியிலும் அவர் செருப்புச் சத்தம் நின்று நின்று கேட்டது.

ரேகா கூடத்தில் உட்கார்ந்தாள். போன் செய்யலாமா என்று பத்து தரம் எடுத்தாள். பத்து தரம் வைத்தாள். வெற்றியை நினைத்துக்கொண்டபோது வைக்க முடிந்தது. வெற்றியை நினைத்தால் கூடவே அந்தப் பின்னலும் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற ஒரு பெண்ணை, இதே கூடத்தில், இதே புது விளக்குகளுக்குக் கீழே பார்த்தாள். அந்தப் பெண் இதுவரைக்கும் ரேகாவாகத்தான் இருந்தாள். ஜூலை மாதத்திலிருந்து அது சாராவாக இருக்கும்.

ஐந்தரை மணிக்குக் கொண்டல் தணிந்தது. திரைச்சீலை அசையாமல் தொங்கியது. ரேகா போனை எடுத்தாள். பதினோராவது தரம் வைக்கவில்லை.

"அக்கா! இப்பதான் உங்களப் பத்தி பேசினு இருந்தோம்" என்றாள் சாரா. குரலே சிரித்தது. "பெனிட்டா அந்த பால்கனிய வரஞ்சிகினு கீறா. உங்களயும் வரஞ்சிக்கீறா."

"சாரா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல எதுவும் கேக்காத, கேட்டா என்னால சொல்ல முடியாது." ரேகா கண்ணை மூடிக்கொண்டாள். "ஸ்கூல்னு சொன்னது பொய்யி. எங்க பையனுக்கும் இழுப்பு கீது. உன் பொண்ணுக்கு கீற அதே இழுப்பு. இந்த வூட்டுக்கு வந்தப்பறம்தான் வந்துச்சி. மத்தியானம் மட்டும்தான் இங்க காத்து நல்லாருக்கும். ராத்திரியும் காலையிலயும் சாம்பலும் நெடியும்தான். அதான் உங்கள மத்தியானமா வரச் சொன்னோம். எங்கப்பாவ காத்து பாக்க வச்சி, அது திரும்பற வரைக்கும் உங்கள கீழயே நிக்க வச்சோம். என் வூட்டுக்காரரு இல்ல, நான்தான். எல்லாம் நான் சொன்னதுதான்."

மறுபக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

திட்டட்டும் என்று ரேகா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"உங்க புள்ள இப்ப எப்பிடிகா கீறான்?" என்று கேட்டாள் சாரா.

ரேகா இதை எதிர்பார்க்கவில்லை. "நல்லாருக்கான். ரெண்டு மாசமா ஒண்ணும் இல்ல."

"அந்த வூட்ட வுட்டுட்டு போனப்பறமா?"

"ஆமா."

"சரி" என்றாள் சாரா. மிகவும் மெதுவாகச் சொன்னாள். போன் துண்டிக்கப்பட்டது.

ரேகா அழுதாள். யார் குழந்தைக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் போன் அடித்தது. திலீப்.

"ரேகா! முடிஞ்சிச்சி!" வக்கீல் அறையின் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாச்சி. வெற்றிக்கு போன் போட்டு சொல்லு, இனிமே அவன் மாதவரத்துலயேதான். வர்றப்ப அவனுக்கு பிரியாணி வாங்கினு வரேன். இன்னா, பேசவே மாட்டேன்ற? அழுவுறியா?"

"திலீப், நான்..." என்று ஆரம்பித்தாள்.

அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு போன் அடிப்பது கேட்டது.

"ஒரு நிமிசம் பிரதர், வூட்லேர்ந்து" என்றது பிராங்கிளினின் குரல். சந்தோஷமான குரல். "சொல்லு சாரா."